புகைபோக்கிக்கும் கிண்டிக்கும் நடுவே ஒரு சிறு கணினி

அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டத்திலுள்ள ஆலத்தியூர், சிமென்ட் ஆலையால் வெளியுலகுக்குத் தெரியவந்த ஊர். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கிரெட்டேசியஸ் காலத்தில் இந்த நிலப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பிகளும் பிற உயிரினங்களும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியதன் விளைவே அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் இன்று வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லை நம்பியே டான்செம், டால்மியா, அல்ட்ராடெக், செட்டிநாடு, இந்தியா சிமென்ட்ஸ், ராம்கோ என்று ஆலைகள் இம்மாவட்டத்தில் எழுந்தன. ஆலத்தியூரில், அப்போது மெட்ராஸ் சிமென்ட்ஸ் என்ற பெயரில் இயங்கிய நிறுவனம் 1997இல் உற்பத்தியைத் தொடங்கி, 2001இல் இரண்டாவது உற்பத்தி வரிசையையும் சேர்த்தது. 2013இல் அந்நிறுவனத்தின் பெயர் தி ராம்கோ சிமென்ட்ஸ் என்று மாறியது.

சுண்ணாம்புக்கல்லோடு களிமண் போன்ற பொருள்களைச் சேர்த்து மாவாக அரைத்து, உயர்ந்த கோபுரத்தில் அடுக்கடுக்காக அமைந்த முன்சூடேற்றிகள் வழியாகக் கீழிறக்கி, மெல்லச் சுழலும் நீண்ட உருளைச் சூளைக்குள் ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது கிளிங்கர் எனப்படும் கருஞ்சாம்பல் நிற உருண்டைகள் உருவாகின்றன. அவற்றோடு ஜிப்சம் கலந்து மறுபடியும் அரைத்தால் கிடைப்பது சிமென்ட். ஆலைக்காரர்கள் கில்ன் என்றே அழைக்கும் அந்தச் சூளையிலிருந்து வெளியேறும் காற்றில் நுண்தூசியும், கந்தக டை ஆக்சைடும், நைட்ரஜன் ஆக்சைடுகளும் இருக்கும். வடிகட்டும் பைகளையும் மின்புலத் தூசிப் பிரிப்பான்களையும் கடந்த பிறகு எஞ்சுவது புகைபோக்கி வழியாக வெளியேறுகிறது. அப்படி எஞ்சுவது எவ்வளவு என்பது, ஆலை நிர்வாகத்துக்கு மட்டுமல்லாமல், சுற்றியுள்ள கிராமங்களில் பருத்தியும் மக்காச்சோளமும் முந்திரியும் விளைவித்து, அதே காற்றைச் சுவாசித்து வாழும் மக்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

அதைத் தெரிவிக்கும் பொறுப்பை இந்தியாவில் 2014 முதல் இயந்திரங்களும் சுமக்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரி 5 அன்று பிறப்பித்த ஆணை, சிமென்ட் உட்பட மாசு மிகுந்த 17 வகைத் தொழில்களில் வெளியேற்றத்தை இடைவிடாமல் அளந்து, அந்த எண்களை இணையவழியாக வாரியங்களுக்கு அனுப்பும் அமைப்பைப் பொருத்தச் சொன்னது. தமிழ்நாட்டில் இத்தகைய தரவுகள், சென்னை கிண்டியில் உள்ள மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கேர் ஏர் சென்டர் என்னும் கண்காணிப்பு மையத்துக்குச் செல்கின்றன. இவ்வாறு திரட்டப்படும் தகவல் மக்கள் பார்வைக்கும் வைக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் வழங்கிய தீர்ப்பொன்றில் கூறியது. ஆயினும் புகைபோக்கியில் பொருத்தப்பட்ட அளவிடும் கருவியான அனலைசர் தானே கிண்டிக்குப் பேசிவிடாது. அது எண்களை வெளியிடும் முறை வேறு, தொலைவிலுள்ள சர்வர் அவற்றை ஏற்கும் முறை வேறு. இரண்டுக்கும் நடுவே நின்று, எண்களைக் கேட்டு வாங்கி, நேரக்குறி இட்டு, சேமித்து, அனுப்பிவைக்கும் இடைத்தரகர் வேலையை ஒரு சிறு தொழிலகக் கணினி செய்கிறது. ஆலைக்கு ஆலை அந்தப் பெட்டியின் தயாரிப்பாளர் மாறுவார்; சில இடங்களில் விண்டோஸ் கணினியே அந்த வேலையைப் பார்க்கும். லினக்ஸ் முன்பே நிறுவப்பட்டு வரும் பெட்டிகளை முதன்முதலில் அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை மட்டும் எங்கும் ஒன்றுதான்.

இந்தப் பெட்டி ஒரு பதிகணினி, அதாவது ஒரு குறிப்பிட்ட வேலைக்காக வேறொரு பெரிய அமைப்புக்குள் பதித்து வைக்கப்படும் கணினி. தொழிலகங்களுக்கான பதிகணினி உள்ளங்கை அகலமே உள்ள உலோகப் பெட்டியாக, மின்சாரப் பேனலுக்குள் நீளவாக்கில் பொருத்தப்பட்டிருக்கும் இரும்புப் பட்டையில் கொக்கியால் மாட்டப்படுவது. அந்தப் பட்டையைத் தொழிலாளர் டின் ரெயில் என்பார்கள். அதற்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. மின்விசிறி இல்லாதது குறையன்று, தகுதி. சிமென்ட் ஆலையின் காற்றில் விசிறி வைத்த சாதாரணக் கணினி தூசியை இழுத்து உள்ளே நிரப்பிக்கொண்டு நாளடைவில் திணறும். இந்தப் பெட்டியோ தன் உலோக உடலையே வெப்பம் வெளியேறும் வழியாகக் கொண்டது. சித்திரை வைகாசியில் வெளியில் 40 டிகிரியைத் தொடும் வெயில் மூடிய பேனலுக்குள் இன்னும் கூடுதலாக உறைக்கும் என்பதால், 70 டிகிரி வரை தாங்குமாறு வடிவமைக்கப்பட்ட மாதிரிகளே இவ்விடங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றை இயக்குவது, ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிவைத்த லினக்ஸ். கெர்னல் எனப்படும் அதன் கரு, வன்பொருளுக்கும் நிரல்களுக்கும் இடையே நின்று நினைவகத்தையும் நேரத்தையும் பங்கிட்டுக் கொடுக்கிறது. அந்தக் கருவோடு ஆயிரக்கணக்கான மென்பொருள்களைத் தொகுத்து வழங்கும் டெபியன் திட்டம் 1993இல் பிறந்தது. தொழிலகக் கணினித் தயாரிப்பாளர்கள் பலர் டெபியனையே அடித்தளமாகக் கொள்கின்றனர். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் இயங்குதளமும் டெபியன் வழி வந்ததே. சென்னை ஐஐடியில் வடிவமைக்கப்பட்ட சக்தி நுண்செயலி 2018இல் தன் திறனைக் காட்ட இயக்கிய இயங்குதளமும் லினக்ஸ்தான். உரிமக் கட்டணம் இல்லை என்பதைவிட, மூலநிரல் திறந்திருப்பதால் தயாரித்த நிறுவனம் கைவிட்ட பின்னும் ஒரு கருவியைப் பழுது பார்த்து ஓட்ட முடியும் என்பதே, இருபது முப்பது ஆண்டுகள் ஓடும் ஆலைகளுக்குப் பெரிய காரணம்.

முன்பே நிறுவப்பட்டது என்னும் சொற்றொடர் வாங்குபவருக்கு ஒரு நிம்மதியைத் தருகிறது. அந்த நிம்மதி பாதி அளவுக்கே நியாயமானது. மின்சாரம் வந்ததும் முதலில் விழித்து மற்றவற்றை எழுப்பும் பூட்லோடர், அந்தப் பலகைக்கென்றே தொகுக்கப்பட்ட கெர்னல், கேபிள் செருகும் வாயில்களை இயக்கும் டிரைவர்கள், கோப்பு அமைப்பு ஆகிய கடினமான பணிகளைத் தயாரிப்பாளர் முடித்தே அனுப்புகிறார். ஆனால் அவர் ஒரே பிம்பத்தை, அதாவது ஒரு முழு இயங்குதளத்தின் அச்சுப் பிரதியை, ஆயிரக்கணக்கான பெட்டிகளில் பதிக்கிறார். ஆகவே எல்லாப் பெட்டிகளும் ஒரே பெயர், ஒரே முகவரி, ஒரே கடவுச்சொல், ஒரே நேர வலயத்தோடு வந்து சேர்கின்றன. எந்த ஊரில், எந்தப் புகைபோக்கியின் அடியில், யார் பொறுப்பில் தான் இருக்கிறோம் என்பது பெட்டிக்குத் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் நேரும் ஒவ்வொரு தவறும், பின்னாளில் கிண்டியின் திரையில் தெரியும் எண்ணில் போய் முடியும்.

முதல் சந்திப்பு பெரும்பாலும் கன்சோல் எனப்படும் தொடர்வரிசை வாயில் வழியாக நடக்கிறது. பெட்டியோடு வரும் சிறு கேபிளை மடிக்கணினியில் இணைத்து, டெர்மினல் மென்பொருளில் வேகத்தை நொடிக்கு 115200 பிட் என்றும், தரவுப் பிட் 8, பாரிட்டி இல்லை, நிறுத்தப் பிட் 1 என்றும் வைத்துவிட்டு 24 வோல்ட் மின்சாரத்தைக் கொடுத்தால், கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கும். முதலில் பூட்லோடர் ஓரிரு நொடி காத்திருந்து, யாரும் குறுக்கிடவில்லையெனில் கெர்னலை நினைவகத்தில் ஏற்றும். பின் கெர்னல் தான் கண்டறிந்த நினைவகத்தையும் ஈதர்நெட் வாயில்களையும் கடிகாரத்தையும் வரிவரியாக அறிவிக்கும். கடைசியில் பயனர் பெயரைக் கேட்டு நிற்கும். அனுபவமுள்ள பொறியாளர் இந்த முதல் ஓட்டத்தை முழுவதுமாக ஒரு கோப்பில் பதிந்து வைத்துக்கொள்வார். ஈராண்டு கழித்துப் பெட்டி எழ மறுக்கும் நாளில், நலமாக இருந்தபோது அது என்ன பேசியது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க வேறு சான்று கிடைக்காது. திரையில் எழுத்துகளுக்குப் பதில் குப்பைக் குறிகள் வந்தால் பெட்டியைக் குறைகூறும் முன் வேகத்தைச் சரிபார்க்க வேண்டும். அநேகமாக அதுதான் பிழை.

உள்ளே நுழைந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவது. தயாரிப்பாளர் கொடுத்த கடவுச்சொல் கையேட்டில் அச்சிடப்பட்டிருக்கிறது, கையேடு இணையத்தில் இருக்கிறது. அது ரகசியமே அன்று. 2016இல் உலகெங்கும் பரவிய மிராய் என்னும் தீநிரல், ஏறத்தாழ அறுபது பயனர்பெயர்-கடவுச்சொல் இணைகளைக் கொண்ட ஒரு பட்டியலை வைத்துக்கொண்டே லட்சக்கணக்கான கேமராக்களையும் இணையப் பெட்டிகளையும் கைப்பற்றியது. அவற்றில் ஓடியதும் லினக்ஸ்தான். அதன் கெர்னலில் எந்த ஓட்டையையும் அந்நிரல் தேடவில்லை, மாற்றப்படாத கடவுச்சொல்லைத் தேடியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அக்கருவிகள் ஒன்றுசேர்ந்து தாக்கியதில் டைன் என்னும் இணைய முகவரிச் சேவை நிறுவனம் முடங்க, உலகின் பெரிய வலைத்தளங்கள் பல மணிநேரம் திறக்காமல் போயின. அண்மைக்காலப் பெட்டிகள் சில, முதல் நுழைவிலேயே கடவுச்சொல்லை மாற்றாமல் மேலே செல்ல விடுவதில்லை, நல்ல ஏற்பாடு. அதே வேளையில் பெட்டிக்கென ஒரு பெயரையும் இட்டுவிட வேண்டும். ஒரே தொடர் எண் வரிசையில் வாங்கிய நான்கு பெட்டிகளும் ஒரே பெயரில் இருந்தால், கில்ன் புகைபோக்கி எது, கிளிங்கர் கூலர் புகைபோக்கி எது என்பது பெட்டியைப் பொருத்தியவரின் நினைவில் மட்டுமே இருக்கும்; அவர் வேறு ஆலைக்குப் போய்விட்டால் அந்த நினைவும் போய்விடும்.

பிணைய அமைப்பில் இன்னொரு வகைச் சிக்கல் காத்திருக்கிறது. இத்தகைய கணினிகளில் பெரும்பாலும் இரண்டு ஈதர்நெட் வாயில்கள் உண்டு. எடுத்துக்காட்டாக, மோக்ஸா நிறுவனத்தின் யூசி வரிசைப் பெட்டிகளில் முதல் வாயிலுக்கு 192.168.3.127 என்றும் இரண்டாவதற்கு 192.168.4.127 என்றும் முகவரி இடப்பட்டு வருகிறது. மடிக்கணினியையும் அதே வரிசையில் ஒரு முகவரிக்கு மாற்றினால்தான் இரண்டும் ஒன்றையொன்று காணும். புதியவர்கள் முதல் நாளில் திணறும் இடம் இது. இரண்டு வாயில்கள் இருப்பதன் பயன், ஒன்றை ஆலையின் உட்புறத்துக்கும் மற்றொன்றை வெளியுலகுக்கும் ஒதுக்கலாம் என்பதே. கில்னைச் சுழற்றும் கட்டுப்பாட்டுப் பிணையம் ஒருபோதும் இணையத்தைத் தொடக்கூடாது. ஆகவே இரண்டு வாயில்களுக்கும் இடையே தரவுப் பொட்டலங்கள் தாமாகக் கடந்து செல்லும் வசதியை மூடிவைத்து, தேவையான எண்களை மட்டும் நிரல் எடுத்துக் கைமாற்றுமாறு அமைக்கிறார்கள். வெளிச்செல்லும் வழியைக் காட்டும் கேட்வே முகவரியை ஒரு வாயிலுக்கு மட்டுமே கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் கொடுத்துவிட்டால், கிண்டிக்குப் போகவேண்டிய செய்தி சில வேளை ஆலைக்குள்ளேயே திரும்பி அலைந்து காணாமல் போகும். ஒரு நாள் வேலை செய்து மறுநாள் நின்றுபோகும் இந்தக் கோளாறைக் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்துத் தீர்க்க முடியாது.

நேரம் எல்லாவற்றையும்விட எளிதாகத் தோன்றுவது, எல்லாவற்றையும்விட அதிகக் குழப்பம் விளைவிப்பது. மின்சாரம் இல்லாதபோதும் நேரத்தைக் காக்க, பெட்டிக்குள் நாணய வடிவிலான சிறு பேட்டரியோடு ஒரு கடிகாரச் சில்லு இருக்கிறது. பேட்டரி தீர்ந்த நிலையில் பெட்டி விழித்தால், லினக்ஸ் தன் காலக்கணக்கைத் தொடங்கும் 1970 ஜனவரி 1ஆம் தேதியையோ, இயங்குதளம் தொகுக்கப்பட்ட நாளையோ இன்றைய தேதி என்று எண்ணிக்கொள்ளும். அப்போது பாதுகாப்பான இணைப்பு கிடைக்காது. எதிரிலுள்ள சர்வர் நீட்டும் டிஜிட்டல் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவே தொடங்கவில்லை என்று கூறிப் பெட்டி அதை நிராகரித்துவிடும். இணையம் இருக்கிறது, சர்வர் இருக்கிறது, தரவு மட்டும் போகவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது தேதியை.

நேர வலயமும் அப்படியே. பெட்டி உலகப் பொது நேரத்தில் வருகிறது. இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. கடிகாரச் சில்லை உலகப் பொது நேரத்திலேயே விட்டுவிட்டு, இயங்குதளத்தின் வலயத்தை ஏசியா/கொல்கத்தா என்று அமைப்பது முறையான வழி. இதைச் செய்யத் தவறி, அனுப்பும் நிரலும் நேரத்தை இந்திய நேரமென்றே முத்திரையிட்டு அனுப்பினால், காலை 10 மணிக்குக் கில்ன் நின்றபோது எழுந்த தூசி, பதிவில் விடியற்காலை 4.30 மணிக்கு எழுந்ததாக நிற்கும். கண்ட்ரோல் ரூம் பதிவேட்டில் அந்த நேரத்தில் எல்லாம் சீராக ஓடியதாக எழுதியிருக்கும். இரண்டு ஆவணங்களும் தம்மளவில் உண்மையே சொல்ல, அவற்றை ஒப்பிடும் அதிகாரிக்கோ, புகார் கொடுத்த ஊர்க்காரருக்கோ ஆலை ஏதோ மறைப்பதாகவே தோன்றும். இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலில், நிறுவனங்கள் தம் கணினிகளின் கடிகாரங்களை தேசியத் தகவலியல் மையத்தின் அல்லது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும் என்று கூறியிருக்கிறது. நாட்டின் நியம நேரத்தைக் காப்பது அந்த ஆய்வகமே. அமைக்கும் நாளில் இரண்டு வரிகளில் முடிகிற வேலை இது.

நீண்டகாலம் உழைக்கும் கருவிகளுக்கு இன்னொரு தேதியும் உண்டு. 32 பிட் அமைப்புகள் நொடிகளை எண்ணி வைக்கும் இடம், 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு நிரம்பிவிடும். அடுத்த நொடியில் கணக்கு 1901ஆம் ஆண்டுக்குத் தாவும். அலுவலகக் கணினிகள் அதற்கு வெகுகாலம் முன்பே பழைய இரும்பாகிவிடும் என்றாலும், இன்று பேனலுக்குள் மாட்டப்படும் பெட்டி அந்த நாளிலும் ஓடிக்கொண்டிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. லினக்ஸ் கெர்னல் 2020இல் வந்த 5.6ஆம் பதிப்பிலிருந்து இதற்குத் தயாராக இருக்கிறது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, 32 பிட் ஆர்ம் சில்லுகளுக்கும் விரிந்த நேரக் கணக்கைக் கொண்டுவந்தது. வாங்கும்போதே பதிப்பைக் கேட்டு அறிவது நல்லது.

அடுத்தது அனலைசரோடு பேச்சைத் தொடங்குவது. புகைபோக்கியின் நடுவுயரத்தில் மேடை அமைத்துப் பொருத்தப்பட்ட அளவீட்டுக் கருவியிலிருந்து, ஒன்றையொன்று முறுக்கிய இரண்டு கம்பிகள் பேனலுக்கு இறங்கி வருகின்றன. ஆர்எஸ்-485 என்னும் இந்த மின்வழி, மோட்டார்களின் இரைச்சலுக்கு நடுவிலும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் எண்களைச் சேதமின்றிக் கடத்த வல்லது. அதில் பேசப்படும் மோட்பஸ் நெறிமுறை, மோடிகான் நிறுவனம் 1979இல் தன் கட்டுப்படுத்திகளுக்காக வகுத்தது. எளிமையே அதன் ஆயுள் நீடித்ததற்குக் காரணம். கணினி ஒரு முகவரியைச் சொல்லிக் குறிப்பிட்ட பதிவகத்தின் மதிப்பைக் கேட்கும், கருவி விடை சொல்லும், அவ்வளவே. பல பெட்டிகளில் ஒரே வாயில் ஆர்எஸ்-232, 422, 485 ஆகிய மூன்று விதமாகவும் இயங்கக்கூடியது. எந்த விதம் என்பதை மென்பொருளில் தேர்ந்தெடுக்க வேண்டும். அது 232 என்ற நிலையிலேயே இருந்துவிட்டால் கம்பி சரி, கருவி சரி, பேச்சு மட்டும் நிகழாது.

பேச்சு நிகழ்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவதுதான் இந்தத் துறையின் மிகக் கெட்ட வழக்கம். மோட்பஸ் பதிவகம் ஒன்றில் 16 பிட்தான் கொள்ளும். பின்னத்தோடு கூடிய ஓர் அளவுக்கு 32 பிட் வேண்டும். ஆகவே ஓர் எண் இரண்டு பதிவகங்களில் பாதி பாதியாகப் பிரித்து வைக்கப்படுகிறது. எந்தப் பாதி முதலில் வரும் என்பதை நெறிமுறை வரையறுக்கவில்லை. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுகிறது. கருவி ஒரு வரிசையிலும் கணினி மறு வரிசையிலும் புரிந்துகொண்டால் என்னவாகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கன மீட்டருக்கு 30 மில்லிகிராம் தூசி என்ற அளவு, கணினி மொழியில் 41எஃப்0, 0000 என்ற இரு பாதிகளாக அமையும். அவை இடம் மாறினால் கிடைக்கும் எண், புள்ளிக்குப் பின் நாற்பது சுழியங்கள் கொண்ட ஒரு நுண்மதிப்பு. இரண்டு தசம இடம் காட்டும் திரையில் அது 0.00. அதாவது, தூசி கக்கும் புகைபோக்கி பதிவில் தூய்மையாகத் தெரியும். அதே கருவி 30.1 என்று அளந்தால், பாதிகள் இடம் மாறிய எண் மைனஸ் பத்துக் கோடியைத் தாண்டும். இந்த இரண்டாவது தவறு அபத்தமாக இருப்பதால் பிடிபட்டுவிடும். பொருத்துபவர், மைனஸ் எண்ணெல்லாம் வருகிறதே என்று, சுழியத்துக்குக் கீழும் குறிப்பிட்ட உச்சத்துக்கு மேலும் உள்ள எண்களைத் தள்ளிவிட ஒரு வடிகட்டியை நிரலில் சேர்த்துவிட்டால், எஞ்சும் சுழியங்கள் மட்டும் ஒழுங்காகக் கிண்டிக்குப் போய்ச் சேரும். யாரும் பொய் சொல்ல நினைக்காமலேயே ஒரு பொய் இப்படிப் பிறக்கிறது. இதைத் தடுக்க, ஒருவர் மேடையில் ஏறிக் கருவியின் சொந்தத் திரையில் தெரியும் எண்ணை வாக்கிடாக்கியில் சொல்ல, மற்றவர் கீழே கணினி பெற்ற எண்ணை அதே நொடியில் ஒப்பிட வேண்டும். ஒரே ஒரு முறையன்று, குறைந்த அளவிலும் கூடிய அளவிலும். இதற்கு மாற்றாகும் மென்பொருள் வசதி எதுவும் இல்லை.

சேமிப்பு குறித்துச் சுருக்கமாகச் சொல்லலாம். பெட்டிக்குள் இருப்பது சுழலும் வட்டு அன்று, ஃபிளாஷ் நினைவகம். அதன் ஒவ்வோர் அறையும் குறிப்பிட்ட தடவைகளே அழித்தெழுதத் தாங்கும். ஒவ்வொரு நொடியும் பதிவேட்டுக் கோப்பில் ஒரு வரி எழுதுமாறு விட்டுவிட்டால் நினைவகம் விரைவில் தேயும். ஆகவே அன்றாடப் பதிவுகளைத் தற்காலிக நினைவகத்தில் வைத்து, அவற்றின் அளவுக்கு வரம்பிட்டு, அளவீடுகளை மட்டும் நிமிடக்கணக்கில் தொகுத்து நிலையாக எழுதுகிறார்கள். இணையம் அறுந்த நேரத்துத் தரவுகள் பெட்டியிலேயே காத்திருந்து, இணைப்பு மீண்டதும் தத்தம் உரிய நேரக்குறியோடு செல்ல வேண்டும். மீண்ட நேரத்தின் குறியோடு அன்று.

ஆளில்லாத இடத்தில் ஓடும் கணினி உறைந்துபோனால் எழுப்புவதற்கு வாட்ச்டாக் எனப்படும் கண்காணிப்புக் கடிகாரம் உதவுகிறது. இது முதன்மைச் செயலியைச் சாராமல் தனியே எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு சுற்று. இயங்குதளம் குறித்த இடைவெளிக்குள் அதைத் தொட்டுத் தன் உயிர்ப்பைத் தெரிவித்துக்கொண்டே இருக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அது பெட்டியை மறுதொடக்கம் செய்துவிடும். வாட்ச்டாக் இருப்பதாக விவரத்தாளில் அச்சிட்டிருந்தாலும், பல பெட்டிகளில் அது முடுக்கப்படாமல் உறங்கும் நிலையிலேயே வருகிறது. அதை முடுக்குவதோடு, கெர்னலை வேண்டுமென்றே நிலைகுலையச் செய்து, பெட்டி தானே எழுகிறதா என்று பார்ப்பதும் அமைப்புப் பணியின் பகுதி. இயங்குதளம் நலமாக இருந்து, அளவீட்டு நிரல் மட்டும் செத்துக் கிடக்கும் நிலையையும் எண்ணிப் பார்த்து, வாட்ச்டாக்கைத் தொடும் பொறுப்பை அந்த நிரலின் நலத்தோடு பிணைத்து வைப்பது தேர்ந்தவர்களின் வழக்கம்.

புதுப்பித்தல் குறித்து ஆலைகளில் இரண்டு கட்சிகள் உண்டு. ஓடுவதைத் தொடாதே என்பது ஒன்று, ஓட்டைகளை உடனுக்குடன் அடை என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. டெபியனின் ஒரு பதிப்புக்கு மூன்றாண்டு முழு ஆதரவும், தன்னார்வலர்களும் நிறுவனங்களும் தாங்கும் இரண்டாண்டு நீட்டிப்பும் கிடைக்கின்றன. ஐந்தாண்டு என்பது கைபேசிக்கு நீண்ட வாழ்நாள். 1997இல் தொடங்கிய ஓர் ஆலைக்கு அது ஒரு சிறு பொழுது. இந்த இடைவெளியை நிரப்பவே லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் 2016இல் சீமென்ஸ், ஹிட்டாச்சி, தோஷிபா முதலிய நிறுவனங்கள் கூடி, குடிமை உள்கட்டமைப்புத் தளம் என்ற பொருளில் சிஐபி என்னும் திட்டத்தைத் தொடங்கி, தேர்ந்தெடுத்த கெர்னல் பதிப்புகளைப் பத்தாண்டுகளுக்கு மேல் பராமரிப்பதாக உறுதியேற்றன. நடைமுறையில் சரியான வழி, அதே மாதிரியில் இன்னொரு பெட்டியை மேசையில் வைத்து, புதுப்பிப்பை அங்கே முதலில் இட்டு, சில வாரங்கள் ஓட்டிப் பார்த்து, ஆண்டுப் பராமரிப்புக்காகக் கில்னை நிறுத்தும் ஷட்டவுன் நாள்களில் மெய்யான பெட்டிக்குக் கொண்டுபோவது. இரண்டாவது பெட்டியின் விலையை வீண்செலவாகக் கருதும் கொள்முதல் பிரிவுகளை இணங்கவைப்பது, லினக்ஸ் கற்பதைவிடக் கடினமானதாக இருக்கலாம். ஆனாலும் அதை வாங்கித்தான் ஆக வேண்டும்.

இந்த வேலைகளில் எதற்கும் அரிய மேதைமை வேண்டியதில்லை. அரியலூரிலும் பெரம்பலூரிலும் பாலிடெக்னிக்கோ ஐடிஐயோ முடித்து இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவில் சேரும் இளைஞர், கட்டளை வரியில் முப்பது நாற்பது கட்டளைகளைக் கைப்பழக்கமாக்கிக்கொண்டால் போதும். இன்று பல ஆலைகளில், பெட்டியைப் பொருத்தும் பணி வெளியூர் நிறுவனத்துக்கு ஒப்பந்தமாகப் போய், கடவுச்சொல்லும் அவர்களிடமே தங்கிவிடுகிறது; பெட்டி அருகில் இருப்பவர் அதன் விளக்கு எரிகிறதா என்று மட்டுமே பார்க்கத் தெரிந்தவராக இருக்கிறார். இது மாற வேண்டும். பெட்டியின் பெயர், முகவரிகள், பதிவகங்களின் வரிசை, பாதிகளின் ஒழுங்கு, ஒவ்வொரு மாற்றத்தின் தேதி, செய்தவர் கையொப்பம் ஆகியவை தமிழில் எழுதிய ஒரு பதிவேடாகப் பேனலிலேயே இருக்கலாம். அதற்குத் தடையாக எந்த விதியும் இல்லை.

எல்லாம் முடிந்தபின் முழு வழியையும் ஒரே மூச்சில் சோதிக்கிறார்கள். கந்தக டை ஆக்சைடு இன்ன அளவு இருப்பதாகச் சான்றளிக்கப்பட்ட வாயு உருளை ஒன்றை மேடைக்கு ஏற்றி, அனலைசரின் சோதனை வாயிலில் இணைத்துத் திறந்தால், உருளையின் சான்றில் உள்ள எண் முதலில் கருவியின் திரையிலும், பின் பெட்டியின் நினைவகத்திலும், பின் கண்ட்ரோல் ரூமிலும், கடைசியாக வாரியத்தின் தளத்திலும் அதே நேரக்குறியோடு தெரிய வேண்டும். நான்கு இடத்திலும் ஒத்துவந்தால், பெட்டியின் அப்போதைய முழு நிலையையும் ஒரு பிம்பமாகப் பிரதியெடுத்து, ஒரு மெமரி கார்டில் பதிந்து, தேதியிட்ட உறையில் ஸ்டோரில் ஒப்படைக்கிறார்கள். பெட்டி பழுதாகும் நாளில், மேசையில் உள்ள இரண்டாவது பெட்டியில் அந்தப் பிம்பத்தை ஏற்றி ஒரு ஷிப்டுக்குள் மாட்டிவிடலாம். மாட்டிய உடனே, வாயு உருளை மறுபடியும் மேடைக்கு ஏற வேண்டும்.